அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டவர்
(சர் எம். விஸ்வேஸ்வரய்யா வாழ்க்கை வரலாறு)

– சிவில் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்



ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 15-ம் தேதி நம் கல்லூரி அரங்கில் ஒரு படத்துக்கு மாலை போடுகிறோம். தலையில் மைசூர் தலைப்பாகை, கழுத்தில் டை, கறாரான பார்வை. அன்று பொறியாளர் தினம். முதல்வர் பேசுவார், துறைத் தலைவர் பேசுவார், டீயும் பிஸ்கட்டும் வரும், வகுப்புக்குத் திரும்பிவிடுவோம். முதல் வருஷம் நானும் அப்படித்தான் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் விஸ்வேஸ்வரய்யா என்று பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது! கண்ணம்பாடி அணை கட்டினவர்தானே என்று கேட்டார். அப்பா காவிரிப் பாசன வயலில் கூலி வேலை பார்ப்பவர். ஜூன் மாதம் பிறந்தால் மேட்டூர் எத்தனை அடி, கண்ணம்பாடி எத்தனை அடி என்பதுதான் அவருக்குச் செய்தி. எனக்கு மாலை போட்ட படமாக இருந்தவர், அப்பாவுக்குத் தண்ணீர்க் கணக்காக இருந்தார். அப்போதுதான் இந்த மனிதரைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முத்தேனஹள்ளிப் பையன்

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா 1861 செப்டம்பர் 15-ல் பிறந்தார் என்பது பொதுவான கணக்கு. 1860 என்று சொல்லும் நூல்களும் உண்டு. ஊர் இப்போதைய கர்நாடகத்தில் சிக்கபள்ளாபூர் பக்கத்தில் முத்தேனஹள்ளி. அப்பா சமஸ்கிருதம் படித்தவர், ஆனால் வசதி இல்லாதவர். பையன் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பெங்களூரில் இருந்த தாய்மாமன் ஆதரவில் படிப்பு தொடர்ந்தது. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அந்தப் பணத்தில் சென்ட்ரல் காலேஜில் படித்தார். 1881-ல் பி.ஏ. தேறினார். பட்டம் கொடுத்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

பிறகு மைசூர் அரசு கொடுத்த உதவித்தொகையில் புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் படித்தார். 1883-ல் தேர்வில் முதலிடம். அடுத்த வருஷமே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை. உதவித்தொகை இல்லாவிட்டால் இந்தக் கதை இந்த இடத்திலேயே நின்றுபோயிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு மறுபடியும் வருவேன்.

கையில் இருப்பதை வைத்து

சிந்து மாகாணத்தில் சுக்கூர் என்று ஓர் ஊர். சிந்து நதிக் கரையிலேயே இருக்கிறது, ஆனால் ஆற்றுத் தண்ணீர் ஒரே கலங்கல். வடிகட்டும் நிலையம் கட்ட நகராட்சியிடம் பணம் போதவில்லை. 1890-களில் அங்கே அனுப்பப்பட்ட விஸ்வேஸ்வரய்யா ஆற்று மணலிலேயே கிணறு தோண்டி, மணலில் ஊறி வருகிற தெளிந்த நீரை இறைத்து மேலே ஏற்றச் செய்தார். வடிகட்டும் வேலையை ஆற்று மணலே செய்தது. நம்ம ஊர் ஆற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் மொண்டவர்களுக்கு இந்த யோசனை உடனே புரியும்.

புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா ஏரி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கலிங்கு வழியாக ஏராளமான தண்ணீர் வீணாகப் போகும். கலிங்கை உயர்த்திக் கட்டினால் பெருவெள்ளத்தில் பழைய அணைக்கு ஆபத்து. இவர் கலிங்கின் மேல் தானியங்கிக் கதவுகளை வைத்தார். குறிப்பிட்ட மட்டம் வரை கதவு தண்ணீரைத் தாங்கி நிற்கும். அதற்கு மேல் வெள்ளம் வந்தால் ஆள் இல்லாமலே திறந்துகொள்ளும், வெள்ளம் இறங்கினதும் மூடிக்கொள்ளும். புது அணை கட்டாமலே கூடுதல் தண்ணீர் சேர்ந்தது. 1903-ல் வந்த இந்த ஏற்பாடு பிறகு குவாலியர் பக்கத்திலும் கண்ணம்பாடியிலும் பயன்பட்டது.

1906-ல் ஏடன் துறைமுகத்துக்குப் போய்க் குடிநீர், சாக்கடைத் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனால் எவ்வளவு திறமை இருந்தாலும் அந்தக் காலத்தில் தலைமைப் பொறியாளர் நாற்காலி வெள்ளைக்காரருக்குத்தான். 1908-ல் தானாகவே ஓய்வு கேட்டு வெளியே வந்தார்.

முசி ஆற்று வெள்ளம்

அதே 1908 செப்டம்பர் 28-ல் ஹைதராபாத்தில் முசி ஆறு பொங்கியது. நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. 1909-ல் வந்தார்.

வெள்ளம் வந்த இடத்தில் கரையை உயர்த்திக் கட்டுவதுதான் வழக்கமாகச் செய்வது. அவர் நகரத்தோடு நிற்கவில்லை. மழை எங்கே விழுந்தது, எந்த வழியாக இறங்கியது என்று மேலே மேலே போய்ப் பார்த்தார். ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நூற்றுக்கணக்கான சின்ன ஏரிகள் இருந்தன. அன்றைக்கு 200-க்கும் மேற்பட்ட ஏரிகள் உடைந்து, ஒன்றின் தண்ணீர் அடுத்த ஏரியை உடைத்து, எல்லாம் சேர்ந்து நகரத்தில் விழுந்திருந்தது. ஆகவே நகரத்துக்கு மேலேயே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் வேண்டும், அவை வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடவேண்டும் என்று திட்டம் கொடுத்தார். முசி ஆற்றில் உஸ்மான் சாகர் 1920-லும், ஈசி ஆற்றில் ஹிமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. வெள்ளத்தைத் தடுக்க வந்தவை நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன.

அவை கட்டி முடிக்கும்போது இவர் அங்கே இல்லை. கட்டினவர்கள் வேறு பொறியாளர்கள். இவர் போட்டது திட்டம்தான். இன்றைக்கு நாம் பேரிடர் தாங்கும் நகரம் என்றெல்லாம் பேசுகிறோமே, அதன் பாடம் 1909-லேயே இருக்கிறது. வெள்ளம் நகரத்தில்தான் தெரியும், அதற்கு மருந்து நகரத்துக்கு வெளியே இருக்கும். 2015-ல் சென்னையில் அடையாறு பொங்கியதைப் பார்த்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

கண்ணம்பாடி

1909 கடைசியில் மைசூர் ராஜ்யத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். அங்கே ஒரு பிரச்சினை காத்திருந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தள்ளி இருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது திவான் சேஷாத்ரி ஐயர் காலத்து வேலை. ஆனால் கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் குறைந்தது. மேலே ஓர் அணை இருந்தால் வருஷம் பூராவும் ஒரே சீராகத் தண்ணீர் விடலாம். மின்சாரமும் நிற்காது, மண்டியா பக்கத்து மானாவாரி நிலமும் பாசனம் பெறும்.

இடம் கண்ணம்பாடி. 1911-ல் வேலை ஆரம்பம். நீளம் சுமார் 8,600 அடி. சிமெண்ட் இல்லாமல், சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தில் கருங்கல் வைத்துக் கட்டினார்கள். மகாராஜா பெயரில் கிருஷ்ணராஜ சாகர் என்று ஆனது. வேலை முழுசாக முடிய 1930-கள் ஆகிவிட்டன.

இங்கேதான் நம்மை நேராகத் தொடும் விஷயம் வருகிறது. 1892 ஒப்பந்தப்படி காவிரியில் மைசூர் புது அணை கட்ட சென்னை மாகாணத்தின் சம்மதம் வேண்டும். மைசூர் நினைத்தது 41.5 டி.எம்.சி. கொள்ளளவு. சென்னை மறுத்தது. தஞ்சாவூர்ப் பாசனம் என்னவாகும் என்ற பயம், அதோடு மேட்டூரில் நாமும் ஓர் அணை கட்டவேண்டும் என்ற எண்ணம். மத்தியில் இருந்த ஆங்கில அரசு 11 டி.எம்.சி.க்கு மட்டும் அனுமதி கொடுத்தது. ஆனால் மைசூர் அஸ்திவாரத்தை முழு உயரத்துக்கு ஏற்ற அகலத்தில் போட்டுவிட்டது.

சிவில் மாணவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். கல் கட்டு அணையில் உயரம் கூடினால் அடியும் அகலமாக வேண்டும். அடியை ஒடுக்கமாகப் போட்டுவிட்டு பிறகு மேலே ஏற்றுவது பெரும்பாடு. அகலமாகப் போட்டுவிட்டால் பத்து வருஷம் கழித்து அனுமதி வரும்போது மேலே கட்டிக்கொண்டே போகலாம். பொறியியல்படி அது தொலைநோக்கு. சென்னைக்கோ அது சம்மதம் இல்லாமல் எடுத்த முடிவு. இரண்டும் உண்மை. நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு என்று வருஷக்கணக்கில் இழுத்து, 1924 பிப்ரவரியில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூர் அணை முழு உயரம் பெற்றது. நமக்கு மேட்டூர் அணை 1934-ல் கிடைத்தது.

அதற்குப் பிறகும் தகராறு தீரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் கர்நாடகம் நமக்கு விடவேண்டியது வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று ஆனது. ஓர் ஆற்றில் நூறு வருஷத்துக்குத் திட்டம் போடுகிறவர் கரையின் இரண்டு பக்கத்தையும், மேல் ஊரையும் கீழ் ஊரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்காவிட்டால், பேரப்பிள்ளைகள் கோர்ட்டில் உட்கார வேண்டியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. அணையில் மூழ்கிய பழைய கண்ணம்பாடி கிராமத்து மக்களுக்கும் அந்த மேஜையில் இடம் இருந்திருக்க வேண்டும்.

நிலக்கரி இல்லாத ராஜ்யம்

1912-ல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் இவரைத் திவான் ஆக்கினார். ஒரு பொறியாளர் முதல் மந்திரி ஆனது போல. ஆறு வருஷத்தில் செய்ததைப் பட்டியல் போட்டாலே மூச்சு வாங்கும். 1913-ல் மைசூர் வங்கி, 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம், 1917-ல் பெங்களூர் பொறியியல் கல்லூரி, சந்தன எண்ணெய் ஆலை, சோப்பு ஆலை, ரயில் பாதைகள். ராஜ்யத்தில் பள்ளிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. ஒன்றுக்கு ஒன்று தொடர்பு இருக்கிறது, கவனியுங்கள். அணை மின்சாரம் கொடுக்கும், மின்சாரம் ஆலையை ஓட்டும், ஆலைக்கு வங்கி கடன் கொடுக்கும், ஆலையில் வேலை செய்யக் கல்லூரி ஆள் தயார் செய்யும். ஒன்றை மட்டும் கட்டிவிட்டு மற்றதை விட்டால் நிற்காது என்பதுதான் அவர் கணக்கு.

மைசூரில் நிலக்கரி கிடையாது. அதனால்தான் அருவி மின்சாரத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம். பூமி சூடாகிறது என்ற கவலை அன்றைக்கு யாருக்கும் இல்லை. ஆனால் புகையில்லாத மின்சாரத்தில் ஒரு ராஜ்யத்தை ஓட்ட முடியும் என்று அவர்கள் அப்போதே காட்டினார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பத்ராவதி இரும்பு ஆலை 1923-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது நிலக்கரிக்குப் பதிலாக மரக்கரியில்தான் உலை எரிந்தது. அதற்கு மலைநாட்டுக் காடுகளில் மரம் வெட்டினார்கள். ஓர் எரிபொருளை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது நம் காலத்துக்கும் பொருந்தும்.

ராஜினாமா

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

மைசூர் அரசு வேலைகளில் அப்போது பெரும்பாலும் ஒரே வகுப்பினர்தான் இருந்தார்கள். மற்ற வகுப்பினருக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. மகாராஜா 1918-ல் நீதிபதி மில்லர் தலைமையில் ஒரு குழு போட்டார். விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. வேலைக்குத் தகுதி ஒன்றுதான் அளவுகோல், எல்லோருக்கும் படிப்பைக் கொடுத்தால் போதும் என்பது அவர் நிலை. 1918 கடைசியில் திவான் பதவியை விட்டு விலகினார். அடுத்த வருஷம் குழு ஒதுக்கீட்டுக்கு ஆதரவாக அறிக்கை கொடுத்தது. நம் சென்னை மாகாணத்திலும் 1921-ல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி அரசாணை போட்டது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் எனக்கு இந்த டிப்ளமோ சீட் கிடைத்திருக்காது. ஆகவே அவர் படத்துக்கு மாலை போடும்போது எனக்குள் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. அந்த மேதை இந்த இடத்தில் தவறிவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். அவரே அரசு உதவித்தொகையில் படித்து மேலே வந்தவர். ஒரு மாணவனுக்குத் தகுதி இருந்தும் காசு இல்லாவிட்டால் அரசு கை கொடுக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத குடும்பத்துக்கு அந்தத் தகுதி வருவதற்கே ஒரு கை வேண்டும் என்பது புரியவில்லை. அணைக்கு அஸ்திவாரம் அகலமாக வேண்டும் என்று தெரிந்தவருக்கு, சமூகத்துக்கும் அப்படித்தான் என்று தோன்றாமல் போனது.

அதற்காக அவரைத் தூக்கி எறிந்துவிட முடியுமா? முடியாது. அவர் திறந்த பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

பத்து வருஷத் திட்டம்

பதவி போன பிறகு சும்மா இருக்கவில்லை. பத்ராவதி ஆலை நஷ்டத்தில் தள்ளாடியபோது அதன் தலைவர் பொறுப்பை ஏற்று நிமிர்த்தினார். 1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று ஒரு நூல் வெளியிட்டார். பத்து வருஷத்தில் நாட்டின் வருமானத்தை இரண்டு மடங்காக்கத் தொழில், மின்சாரம், போக்குவரத்து, கல்வி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டம். சுதந்திரம் வருவதற்கு 13 வருஷம் முன்னால்! 1938-ல் நேதாஜி காங்கிரஸ் தலைவராக இருந்தபோது நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் இவரும் ஓர் உறுப்பினர். 1950-ல் திட்டக் கமிஷன் வந்தது, 1951-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. அந்தக் கமிஷனை 2015-ல் கலைத்து நிதி ஆயோக் கொண்டுவந்தார்கள். பெயர் மாறலாம், அமைப்பு மாறலாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும் நாட்டில் ஐம்பது வருஷத்துக்கு யோசிக்க யாராவது இருக்கத்தான் வேண்டும்.

1955-ல் பாரத ரத்னா கிடைத்தது. 90 வயது தாண்டிய பிறகு பீகாரில் மொகாமா என்ற இடத்தில் கங்கைப் பாலத்துக்கு இடம் தேர்வு செய்யும் பணியிலும் ஈடுபட்டார். அந்தப் பாலம் 1959-ல் திறக்கப்பட்டது. 1962 ஏப்ரலில், நூறு வயதைக் கடந்து, காலமானார்.

நமக்காக ஒன்று

நம்மைப் போன்றவர்களுக்குச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பத்ராவதி ஆலையில் வேலை பார்த்ததற்காகத் தனக்கு வரவேண்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கைத்தொழில் கற்றுக் கொடுக்கும் பள்ளி ஒன்றை பெங்களூரில் தொடங்க அதைக் கொடுத்தார். தன் பெயரை வைக்கவில்லை, மகாராஜா ஜெயசாமராஜேந்திரர் பெயரை வைத்தார். அது இன்றைக்கு ஓர் அரசு பாலிடெக்னிக்! அணையும் ஆலையும் போட்டால் மட்டும் போதாது, மீட்டர் பார்க்கவும் மட்டம் பிடிக்கவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த நம்ம மாதிரி ஆட்கள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற இலக்கை இந்தியா அறிவித்தது. 2070-ல் எனக்கும் உங்களுக்கும் அறுபது வயது தாண்டியிருக்கும். அதற்கு வேண்டிய காற்றாலை, சூரிய மின்பலகை, மின்கம்பி, ஏரிக்கரை, வெள்ள வடிகால் எல்லாம் நாம் வேலை பார்க்கும் வருஷங்களில்தான் கட்டப்படும். மேஸ்திரி பக்கத்தில் நின்று அஸ்திவாரக் குழியை அளக்கப்போவது நாம்தான்.

அப்போது விஸ்வேஸ்வரய்யாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு வரும் உயரத்துக்கு இன்றைக்கே அடி அகலமாகப் போடுவோம். அவர் விட்டதையும் சேர்த்துக்கொள்வோம். அந்த அடியில் கீழ்மடை விவசாயிக்கும், மூழ்கப்போகும் ஊருக்கும், படிக்காத வீட்டுப் பிள்ளைக்கும் இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை கேட்போம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டார். பிறகு, இன்றைக்குக் கண்ணம்பாடி எத்தனை அடி என்று கேட்டார்.